பி1 போர் டிராய்டு
முழு உருவ மாதிரி. ‘ஸ்டார் வார்ஸ்’ கதையுலகம். முதல் தோற்றம்: 1999

ஜார்ஜ் லூகாஸ் இயக்கிய ‘தி ஃபேண்டம் மெனஸ்’ படத்தில், நபூ கோளைக் கைப்பற்ற வணிகக் கூட்டமைப்பு இறக்கிய படையின் சாதாரண இயந்திரச் சிப்பாய் இது. உயரம் சுமார் 1.9 மீட்டர். வடிவமைப்புக் குழுவுக்குத் தலைமை வகித்தவர் டக் சியாங். திரையில் இவை நடப்பதும் சுடுவதும் பெரும்பாலும் கணினி வரைகலை.

மூட்டுகளைக் கவனியுங்கள். கைகால்கள் மடங்கி, நீண்ட தலை மார்போடு ஒட்டிக்கொள்ளும். இப்படி மடித்து அடுக்கித்தான் ஒரே ஊர்தியில் 112 டிராய்டுகளை ஏற்றினார்கள். மஞ்சள் குறி இருந்தால் அது தளபதி.

முதுகில் இருக்கும் பெட்டி, சமிக்ஞை வாங்கும் கருவி. இவற்றுக்குச் சொந்த யோசனை மிகக் குறைவு. விண்வெளியில் நிற்கும் கட்டுப்பாட்டுக் கப்பலிலிருந்தே உத்தரவு வரும். சிறுவன் அனாகின் அந்தக் கப்பலைத் தகர்த்ததும், புல்வெளியில் நபூவின் கங்கன் இனத்தவரை மடக்கிப் பிடித்திருந்த படை முழுவதும் நின்ற இடத்திலேயே உறைந்துவிடுகிறது. படத்தின் மிக அழகான காட்சி அதுதான்: துப்பாக்கி ஏந்தி நிற்கும் ஒரு டிராய்டை ஜார் ஜார் என்ற கங்கன் லேசாகத் தொட, அது அப்படியே சரிந்து விழுகிறது.