ஓடுபாதை கேட்காத விமானங்கள்

வெல்ட் கீயில் ஃபெரி ஏறி பட்டர்வொர்த் போகும்போது, வடக்கே விமானப்படைத் தளத்திலிருந்து ஒரு போர்விமானம் உறுமிக்கொண்டு கிளம்புவதைப் பினாங்குக்காரர்கள் பார்த்திருப்பார்கள். அந்தத் தளத்தில் 1941 டிசம்பர் 9 அன்று நடந்ததை நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்வதே இல்லை.

ஜப்பானியர் பிடித்துவிட்ட தாய்லாந்தின் சிங்கோராவைத் தாக்க, பிரிட்டனின் பிளென்ஹைம் விமானங்கள் அன்று தயாராக நின்றன. ஸ்குவாட்ரன் லீடர் ஆர்தர் ஸ்கார்ஃப் முதலில் மேலே எழும்பினார். அடுத்த விமானம் கிளம்புவதற்குள் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. வானத்தில் வட்டமிட்ட ஸ்கார்ஃபின் கண்முன்னே, கூட வரவேண்டிய விமானங்கள் தரையிலேயே நாசமாயின. அவர் திரும்பவில்லை. தனியாகப் போய்க் குண்டு போட்டார். படுகாயத்தோடு அலோர் ஸ்டார் வரை ஓட்டி வந்து, கூட இருந்த இருவருக்கும் காயமில்லாமல் விமானத்தை இறக்கிவிட்டு, மருத்துவமனையில் உயிரை விட்டார். பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா சிலுவை அவருக்கு 1946-இல்தான் வந்தது.

ஓடுபாதை போனால் விமானப்படையே போனது மாதிரி. 1950களில் அணுகுண்டு பயமும் சேர்ந்துகொள்ள, நின்ற இடத்திலிருந்தே நேராக மேலே கிளம்பும் விமானத்துக்காக ஐரோப்பாவும் அமெரிக்காவும் பணத்தைக் கொட்டின.

அமெரிக்கக் கடற்படைக்காக கான்வேர் நிறுவனம் செய்த 'போகோ' வாலை ஊன்றி, மூக்கை வானத்துக்குக் காட்டி நிற்கும். 1954-இல் ஸ்கீட்ஸ் கோல்மன் அதை நேராக எழுப்பி, படுக்கைவாட்டில் பறந்து, மறுபடி வால்மேல் இறக்கிக் காட்டினார். ஏறுவது ஒன்றும் பெரிய பாடில்லை. இறங்கும்போதோ தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்தபடி, தரை எவ்வளவு வேகமாக நெருங்குகிறது என்று கண்ணாலேயே அளக்க வேண்டும். அலையில் ஆடும் கப்பலில் சாதாரண விமானி எப்படி இதைச் செய்வார்? திட்டம் அத்தோடு நின்றது.

ஜெர்மனியின் டோர்னியர் 31 வேறு வழியில் போனது. 1967 பிப்ரவரியில் முதலில் பறந்த இந்தப் போக்குவரத்து விமானத்துக்கு மொத்தம் பத்து இன்ஜின். இறக்கைக்குக் கீழே இரண்டு, இறக்கை நுனிகளில் நான்கு நான்காக எட்டு. அந்த எட்டுக்கும் ஏறும்போதும் இறங்கும்போதும் மட்டும்தான் வேலை. மற்ற நேரமெல்லாம் அவை வெறும் பாரம். கூரை ஏறியவன் ஏணியையும் தோளில் போட்டுக்கொண்டு திரிவது போல. 1970-இல் கைவிட்டார்கள். பிரான்சின் மிராஜ் 3வி ஒலியைப் போல் இரண்டு மடங்கு வேகம் தொட்டது. அதன் வயிற்றிலும் எட்டு ஏணிகள். நம் ஊர் வெயிலில் கதை இன்னும் மோசம். சூடான காற்று லேசானது, இன்ஜினின் தள்ளுவிசை அதில் குறைந்துவிடும். பிரிட்டனின் ஹாரியர் பிழைத்ததற்குக் காரணம், ஒரே இன்ஜினின் நான்கு குழாய்களைத் திருப்பியே அது மேலேயும் முன்னேயும் போனதுதான்.

எனக்கு மனம் பொறுக்காதது பிரிட்டனின் ஃபேரி ரோட்டோடைன் விஷயம். சுமார் 40 பயணிகளை ஏற்றி, ஒரு நகரத்தின் நடுவிலிருந்து இன்னொன்றின் நடுவுக்குக் கொண்டுபோக நினைத்த இயந்திரம். 1957 நவம்பரில் பறந்தது. 1959-இல் மணிக்கு 307 கிலோமீட்டர் வேகத்தில் சாதனை படைத்தது. ஏறி இறங்கும்போது, தலைக்கு மேலே சுழலும் ரோட்டரின் நுனிகளில் தீ எரியும். அதன் இரைச்சல் பினாங்கின் சூலியா தெருவில் கேட்டிருந்தால் ஐந்தடிப் பாதைக் கடைகளெல்லாம் அதிர்ந்திருக்கும். சத்தத்தைக் குறைக்கும் வேலை நடந்துகொண்டிருந்தபோதே, 1962-இல் பண உதவி நின்றது. பறந்த ஒரே ரோட்டோடைனையும் பிரித்துப் போட்டார்கள். இன்னும் இரண்டு வருடம் கொடுத்திருக்கலாம்.

2019-இல் மலேசியாவின் அன்றைய அமைச்சர் ரெட்சுவான் யூசோப், 10 லட்சம் வெள்ளிக்கு மேல் செலவில் பறக்கும் கார் ஒன்றின் மாதிரி தயார் என்றார். நாடே சிரித்தது. அந்த வண்டியும் புழக்கத்துக்கு வரவில்லை. ஆனாலும் அந்தச் சிரிப்பில் சேர எனக்கு மனம் வரவில்லை. பினாங்குப் பாலத்தில் சாயங்கால நெரிசலில் மாட்டியவர்களுக்கு அந்த ஆசை புரியும்.

சென்னை ஐஐடியில் பேராசிரியர் சத்யா சக்ரவர்த்தி தொடங்கிய ஈபிளேன் நிறுவனம் இப்போது மின்சாரத்தில் அதே முயற்சியில் இருக்கிறது. மின்மோட்டார் சின்னது, ஏணியின் கனம் குறைந்துவிட்டது. கனமெல்லாம் இப்போது பேட்டரிக்குப் போய்விட்டது. எண்ணெய் எரிய எரிய விமானம் இளைக்கும். பேட்டரி தீர்ந்தாலும் இளைக்காது. ஏறியபோது இருந்த அதே எடையோடுதான், மிச்சமிருக்கும் கொஞ்ச மின்சாரத்தில், அந்த விமானம் நேராகக் கீழே இறங்க வேண்டும்.