கதைக்குள் வரும் சினிமா

2020-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் நெய்வேலிச் சுரங்கப் பகுதியில் 'மாஸ்டர்' என்னும் படத்திற்கான காட்சிகள் எடுக்கப்பட்டன. அதில் நடித்துக்கொண்டிருந்த நடிகர் விஜய்யைக் காண ஜனங்கள் பெருந்திரளாகக் கூடினர். அவர் ஒரு வாகனத்தின் மீது ஏறி, தமக்குப் பின்னே நின்ற கூட்டமும் தெரியும்படி கைப்பேசியில் தம்மைப் படம் பிடித்துக்கொண்டார். அப்படம் தேசமெங்கும் பரவிற்று. நாளை ஒருவர் நெய்வேலியைக் களமாகக் கொண்டு நாவல் எழுதப் புகுந்தால், இந்நிகழ்ச்சியை விட்டுவிடலாமா? கூடாது என்பதே நமது அபிப்பிராயம். ஆனால் அதை எவ்வாறு எழுதுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

நாவலில் சினிமாப் படத்தின் பெயரோ, வசனமோ, பாட்டோ வருவது இலக்கியத்துக்கு இழுக்கு என்று கருதும் அன்பர்கள் நம்மிடையே உண்டு. இன்று புகழ் பெற்ற படம் நாளை மறக்கப்படும். அதைச் சார்ந்த கதையும் கூடவே மறக்கப்படும் என்பது அவர்கள் வாதம். நெய்வேலியின் சரித்திரத்தைச் சற்று எண்ணிப் பார்த்தால் இவ்வாதம் நில்லாது. 1956-ல் கார்ப்பரேஷன் அமைந்தது. மறு வருஷமே சுரங்க வேலை தொடங்கிற்று. நிலத்தைக் கொடுத்துவிட்டு வேறிடம் பெயர்ந்த குடியானவர்கள் ஒரு புறம். பல ஜில்லாக்களிலிருந்து உத்தியோகத்தை நாடி வந்து, வட்டம் வட்டமாக வகுக்கப்பட்ட புது நகரில் குடியேறியவர்கள் மறு புறம். இவர்களுடைய சொந்த ஊர்கள் வேறு, பேச்சு வழக்குகள் வேறு. எல்லாரும் ஒருங்கே அறிந்திருந்தவை சிலவே. அவற்றுள் சினிமாப் பாட்டும் ஒன்று. அதை ஒதுக்கிவிட்டு அம்மக்களின் வாழ்க்கையை எழுதினால், அது பாதி உண்மையே ஆகும்.

நம் ஆசிரியர்கள் இவ்விஷயத்தில் முன்பே வழி காட்டியிருக்கின்றனர். 1939-ல் கல்கியின் 'தியாக பூமி' ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது, கே. சுப்ரமணியம் எடுத்துக்கொண்டிருந்த அப்படத்தின் காட்சிகளே கதைக்குச் சித்திரங்களாக அச்சாயின. பிரிட்டிஷ் சர்க்கார் பின்னர் அப்படத்தைத் தடை செய்தது. ஜெமினி ஸ்டூடியோவில் பல வருஷம் பணியாற்றிய அசோகமித்திரன், 'கரைந்த நிழல்கள்' நாவலில் திரைக்குப் பின்னால் உழைப்போரின் அல்லல்களைக் காட்டினார். நெய்வேலிக்கு அருகேயுள்ள கடலூரில் பிறந்த ஜெயகாந்தனோ, 1972-ல் 'சினிமாவுக்குப் போன சித்தாளு' எழுதினார். அவர் பார்வை சென்றது திரையின் மீதன்று. அதைப் பார்த்து மயங்கும் ஏழைப் பெண்ணின் மீது. நடிகரின் பெயரை அவர் வெளிப்படையாகச் சொல்லவில்லை. எனினும் யாரைக் குறித்தது என்பது வாசகருக்கு விளங்காமற் போகவில்லை.

எழுத்தாளருக்கு வேறொரு தயக்கமும் உண்டு. அது சட்டத்தைப் பற்றியது. எமக்கு வரும் கையெழுத்துப் பிரதிகளில், பயத்தினாலேயே படப் பெயர் அடித்துத் திருத்தப்பட்டிருப்பதைக் கண்டு வருந்தியதுண்டு. இப்பயம் அநாவசியம். வெறும் தலைப்புக்குப் பதிப்புரிமை கிடையாது என்று கிருஷிகா லுல்லா வழக்கில் 2015-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. ஒரு பாத்திரம் படத்துக்குப் போவதையும், அதைப் புகழ்வதையும், இகழ்வதையும் தாராளமாக எழுதலாம். பாடல் வரிகளை அப்படியே எடுத்தாள்வது மட்டும் வேறு விஷயம். பாட்டின் உரிமை, அதை இயற்றியவர் காலமான மறு வருஷம் முதல் 60 வருஷம் நீடிக்கும். பாபநாசம் சிவன் 1973-ல் காலமானார்; ஆகவே அவருடைய பாடல்களுக்கு 2033 முடியும் வரை உரிமை உண்டு. இத்தனை வரி எடுக்கலாம் என்ற கணக்கு சட்டத்தில் இல்லை. எடுத்த பகுதி முக்கியமானதா என்றே நீதிபதிகள் ஆராய்வர். ஆதலின் பாட்டை அச்சிட விரும்புவோர் அனுமதி பெறுவதே விவேகம்.

அனுமதி கிடைத்துவிட்டால் மட்டும் போதாது. புகழ் பெற்ற பாட்டொன்றைக் கதையின் நடுவே நிறுத்திவிட்டு, வாசகரின் கண்ணில் நீர் வரும் என்று எதிர்பார்ப்பது கடன் வாங்கிய கண்ணீராகும். அப்படத்தைப் பார்த்திராதவருக்கும், ஐம்பது வருஷங் கழித்துப் படிப்பவருக்கும் அக்காட்சி விளங்க வேண்டும். பாட்டு எத்தகையது என்பதைக் காட்டிலும், அதை யார், எந்த வேளையில், எந்தத் துயரத்தை மறக்கப் பாடினார் என்பதே கதைக்கு வேண்டியது.

ஆகவே, நெய்வேலி நாவலை எழுதப்போகும் இளைஞருக்கு நாம் சொல்லக்கூடியது இது ஒன்றே. அந்தக் கைப்பேசிப் படத்தின் முன்னே நிற்கும் நடிகரை நாடு அறியும். அவரை எழுத நாவலாசிரியர் தேவையில்லை. பின்னே நிற்கும் கூட்டத்தைப் பாருங்கள். அதில் சுரங்க வேலையை முடித்துவிட்டு நேரே வந்தவர் இருக்கலாம். தன் பாட்டனார் உழுத நிலத்தின் மீதுதான் படப்பிடிப்பு நடக்கிறது என்பதை அறிந்தோ அறியாமலோ ஆரவாரிக்கும் சிறுவன் இருக்கலாம். அவர்களுடைய கதையை எழுதுங்கள். சினிமா அதனுள் தானாக வந்து தனக்குரிய இடத்தில் அமரும்.