ஒளித்தட்டில் தமிழ் அடிவரிகள்

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை வழியாகச் செல்லும் மலைப்பாதையில் அமைந்த சிற்றூர் மன்னவனூர். ஏரியும் புல்வெளியும் செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையமும் கொண்ட அவ்வூரில், குளிர் மிகுந்த ஒரு மாலையில், சிறுவர்க்குப் படம் ஒன்றைத் திரையிட முனைந்தோம். மஜீத் மஜீதி இயக்கி 1997இல் வெளிவந்த 'சொர்க்கத்தின் குழந்தைகள்' என்னும் ஈரானியப் படம் அது. ஒரே சோடிக் காலணியை அண்ணனும் தங்கையும் மாறி மாறி அணியும் கதை. பெற்றோர் அறியாவண்ணம் அவ்விருவரும் குறிப்பேட்டில் எழுதிக்காட்டிப் பேசிக்கொள்ளும் காட்சி அதில் உண்டு. சப்டைட்டில் எனப்படும் அடிவரி இன்றேல் அக்காட்சி விளங்காது. ஆதலின் உரையாடல் முழுவதையும் தமிழாக்கி, படத்துடன் பென் டிரைவில் கொண்டு சென்றிருந்தோம்.

கல்லூரிக் கணினியில் செம்மையாகத் தெரிந்த வரிகள், அங்கிருந்த டி.வி.டி. பிளேயரில் உருமாறிவிட்டன. தலையில் கோடிட்ட ஆங்கில 'ஏ' எழுத்தும் வட்டத்துள் அடங்கிய 'ஆர்' எழுத்துமே வரிசை வரிசையாக ஓடின. எங்களுள் ஒருவர் கையெழுத்துப் படியைப் பார்த்து வாய்விட்டு வாசிக்கலானார். இடையில் தாள்கள் தவறிப் புரண்டமையால், தங்கையின் கண்ணீருக்கு ஓட்டப்பந்தயத்துப் பேச்சு வந்து சேர்ந்தது. சிறுவர் சிரித்தனர், எங்களுக்கோ சிரிப்பு வரவில்லை.

பழுது எங்கே என ஆராய்ந்தபோது, அடிவரிகள் இருவகை என்பது புலனாயிற்று. நாங்கள் கொண்டு சென்றது எஸ்.ஆர்.டி. எனப்படும் எழுத்துக் கோப்பு. இன்ன நொடி முதல் இன்ன நொடி வரை இன்ன சொல் என்னும் குறிப்பே அதில் உண்டு. எழுத்தின் வடிவத்தைப் பிளேயர்தான் வரைய வேண்டும். கோப்பின் பெயர் படத்தின் பெயராகவே இருத்தலும், இரண்டும் ஒரே இடத்தில் இருத்தலும், ரிமோட்டில் சப்டைட்டில் பொத்தானை அழுத்துதலும் ஆங்கிலத்திற்குப் பெரும்பாலும் போதும். தமிழுக்கு அவை போதா.

யூனிகோடின் யூ.டி.எஃப்.-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகின்றது. மேலை ஐரோப்பிய எழுத்துகளை மட்டும் அறிந்த பிளேயர், பைட்டுக்கு ஓர் எழுத்தெனக் கொண்டு, 'க' என்னும் ஓரெழுத்தை மூன்று அயற்குறிகளாக்கிவிடும். அம்மூன்றில் முதலாவது எப்பொழுதும் அந்தக் கோடிட்ட 'ஏ'தான்! தமிழ் எழுத்துரு உள்ள கருவியும், 'கொ' என்பதில் கொம்பை முன்னும் காலைப் பின்னும் இட அறியாவிடின் சொல்லைச் சிதைத்துவிடும். மொழிபெயர்ப்பில் பிழையில்லாமலே திரையில் பிழை நேர்வது இவ்வாறுதான்.

இரண்டாம் வகை, 1996இல் சப்பானில் விற்பனைக்கு வந்த டி.வி.டி. தட்டிற்கே உரியது. அதில் அடிவரி எழுத்தன்று, படம். ஒவ்வொரு வரியும் நான்கே நிறங்கொண்ட சிறு படமாகத் தட்டில் பதிவாகிறது. ஒரு தட்டில் 32 அடிவரித் தொகுதிகள் வரை இடம்பெறலாம். பிளேயருக்குத் தமிழ் தெரிய வேண்டுவதில்லை. படத்தின்மேல் படத்தை வைத்துக் காட்டினால் போதும். எழுத்தறிவற்ற கருவியையும் தமிழ் காட்டச் செய்த அவ்வேற்பாட்டை எண்ணி வியந்தோம்.

எனவே, தமிழை முறையாக வரையவல்ல கணினியில் வரிகளைப் படங்களாக்கி, டி.வி.டி. வீடியோ அமைப்பிலேயே தட்டைப் பதிந்தோம். கோப்புகளை வெற்றுத்தட்டில் வெறுமனே படியெடுத்தால் பழைய இடர் மீண்டும் வரும். பென் டிரைவ்தான் வேண்டும் என்போர், வரிகளைக் காட்சியோடு கலந்து நிலையாகப் பதித்துவிடலாம். பிறகு அவற்றை மறைக்க இயலாது என்பது ஒன்றே குறை.

மீண்டும் மன்னவனூர் சென்றபோது, ரிமோட்டில் பொத்தானை அழுத்தியதும் தமிழ் வந்தது. குறிப்பேட்டுக் காட்சியில் சிறுவர் ஒருமித்து உரக்க வாசித்தனர். எழுத்தறியாத மூதாட்டி ஒருவர், "இன்னும் சத்தமாப் படிங்கடா" என்றார்.