நாற்பது வயதில் நாலாங்கிளாஸ் எதிராளி

சிதம்பரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரேட்டிங் டோர்னமெண்ட் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். லால்பேட்டையில் கடை வைத்திருக்கும் ஒருவர், நாற்பதை நெருங்கும் வயது, காலை பஸ்ஸில் வந்து போர்டுக்கு முன் உட்காருகிறார். எதிரே நாலாங்கிளாஸ் பையன். நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரையைத் தொடவில்லை. இருபத்தைந்து நகர்த்தலுக்குள் பெரியவர் தோல்வியை ஒப்புக்கொண்டு கை நீட்ட வேண்டியதாகிறது. ஊர் திரும்பி டீக்கடையில் விஷயத்தைச் சொன்னால் உடனே ஒரு தீர்ப்பு வரும்: “வயசாயிடுச்சு பாய், இதெல்லாம் இனிமே ஏறாது.”

அந்தத் தீர்ப்பில் பாதிதான் சரி. மீதிப் பாதியைப் பார்க்க, அந்தப் பையனின் கண்ணுக்கு என்ன தெரிகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

கிராண்ட்மாஸ்டர்கள் இருபது நகர்த்தல் முன்னாலேயே கணக்குப் போடுவார்கள் என்றொரு நம்பிக்கை உண்டு. நெதர்லாந்து உளவியலாளர் அட்ரியான் டி க்ரூட், தானே நல்ல செஸ் ஆட்டக்காரர், 1946-இல் வெளியான ஆய்வில் இதைச் சோதித்தார். கிராண்ட்மாஸ்டர்கள் மற்ற நல்ல ஆட்டக்காரர்களைவிடப் பெரிதாக ஆழம் போகவில்லை. சரியான நகர்த்தல் அவர்கள் கண்ணில் முதலிலேயே பட்டது, அவ்வளவுதான். 1973-இல் வில்லியம் சேஸும், பின்னாளில் நோபல் பரிசு வாங்கிய ஹெர்பர்ட் சைமனும் அடுத்த கேள்வியைக் கேட்டார்கள். நிஜ ஆட்டம் ஒன்றின் நடுக்கட்டத்தை ஐந்து விநாடி காட்டி மறைத்தால், மாஸ்டர் 16 காய்கள் வரை சரியான இடத்தில் வைத்தார். புதிதாகக் கற்றவர் நாலு காய். ஆனால் அதே காய்களைக் கண்டபடி கலைத்து வைத்துக் காட்டியபோது மாஸ்டரும் ஏறக்குறைய நாலு காய்க்கு இறங்கிவிட்டார்.

ஆக, அது பொதுவான ஞாபக சக்தி இல்லை. பழகிய அமைப்புகளின் கையிருப்பு. காஸ்லிங் செய்த ராஜா, முன்னால் அசையாத மூன்று சிப்பாய்கள், கடைசி வரிசையைக் காக்க யானை இல்லை. புதியவருக்கு இவை தனித்தனியாக நாலு காய்கள். பழகியவருக்கு ஒரே ஒரு சேதி: யானையோ ராணியோ அந்த வரிசைக்குள் இறங்கினால் மேட். மாஸ்டரிடம் இப்படி ஐம்பதாயிரம் அளவுக்கு அமைப்புகள் சேர்ந்திருக்கலாம் என்பது சைமன், சேஸ் போட்ட கணக்கு. நாலாங்கிளாஸ் பையனிடம் அதில் சில ஆயிரம் வந்திருந்தாலே போதும், கடைக்காரரைத் தோற்கடிக்க.

அப்படியானால் வயதுக்குப் பங்கே இல்லையா? இருக்கிறது. அர்ஜென்டினா ஆட்டக்காரர்கள் நூற்றுச் சொச்சம் பேரை வைத்து ஃபெர்னாண்ட் கோபேயும் கியெர்மோ காம்பிடெல்லியும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், 12 வயதுக்குள் தீவிரமாக இறங்கியவர்களில் நாலில் ஒருவர் சர்வதேசப் பட்ட நிலையை எட்டினார். அதற்குப் பின் தொடங்கியவர்களில் 55-இல் ஒருவர்தான். அதே ஆய்வில் இன்னொரு எண் உண்டு. மாஸ்டர் நிலைக்கு ஒருவருக்குச் சுமார் 3,000 மணி நேரம் போதுமாயிருந்தது, இன்னொருவருக்கு 23,000-க்கும் மேல் ஆனது. உழைத்தால் எல்லோரும் ஆகிவிடலாம் என்று மேடையில் பேசுபவர்கள் இதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ஆனால் நம் கடைக்காரர் கிராண்ட்மாஸ்டர் ஆகக் கிளம்பவில்லை. ரேட்டிங்கில் 1600-இலிருந்து 1800-க்குப் போக நினைக்கிறார். அங்கே வயதின் கதை வேறு. கனடாவில் நீல் சார்னஸ் 1981-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே தரத்தில் உள்ள இளையவர்களையும் மூத்தவர்களையும் ஒப்பிட்டார். போர்டை நினைவிலிருந்து திரும்ப அடுக்குவதில் மூத்தவர்கள் பின்தங்கினார்கள். சிறந்த நகர்த்தலைத் தேர்ந்தெடுப்பதில் பின்தங்கவில்லை. அதையும் குறைவான நேரத்தில் செய்தார்கள். எதையெல்லாம் யோசிக்கத் தேவையில்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. லால்பேட்டைப் பக்கமிருந்து கொள்ளிடத்தைத் தாண்டினால் வரும் மயிலாடுதுறையில் பிறந்த விஸ்வநாதன் ஆனந்த், 2017-இல் ரியாத்தில் உலக ரேபிட் சாம்பியன் ஆனபோது வயது 48. மானுவல் ஆரோன் ஒன்பதாவது தடவை தேசியப் பட்டம் வென்றது 45 வயதில். நாகர்கோவிலின் ஷ்யாம்நிகில் 2012-லேயே கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்கான நார்ம்கள் (தகுதிச் சாதனைகள்) இரண்டை முடித்துவிட்டு, மூன்றாவதுக்காகப் பன்னிரண்டு வருடம் அலைந்து, 2024-இல் 31 வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனார்.

பெரியவர்கள் சறுக்குவது வேறிடத்தில். ராத்திரி கடை சாத்தி, இஷா தொழுது, சாப்பிட்டுவிட்டு போனை எடுத்தால் மூன்று நிமிட ஆட்டம் பத்து, பிறகு சிசிலியன் டிஃபென்ஸ் ஓப்பனிங் பற்றி ஒரு வீடியோ. படித்த மாதிரியே இருக்கும். விநாடிக் கணக்கில் யோசிக்கும் வேகம் வயதோடு குறைவது. அதையே நம்பி நிற்கும் ஆட்டத்தைத்தான் அவர் தினமும் ஆடுகிறார். ஓப்பனிங் விஷயமும் அப்படியே. இந்தத் தரத்தில் ஆட்டம் பன்னிரண்டாவது நகர்த்தலில் தோற்பதில்லை, முப்பதாவதில் ஒரு குதிரையைச் சும்மா கொடுத்ததில் தோற்கிறது. சார்னஸ் குழு 2005-இல் இன்னொன்றையும் காட்டியது: தரத்தோடு மிக நெருங்கிப் போனது தனியாக உட்கார்ந்து படித்த மணி நேரம். ஆடிய டோர்னமெண்ட் எண்ணிக்கைகூட அதற்குப் பிறகுதான்.

தனியாக எதைப் படிப்பது? சட்டைப் பையில் நாலாக மடித்துக் கிடக்கும் ஸ்கோர் ஷீட்டை. சிதம்பரத்து ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். பதினேழாவது நகர்த்தலில் பெரியவர் தன் தாக்குதலுக்காகப் பிஷப்பை நகர்த்தினார். அது காத்துக்கொண்டிருந்த கட்டத்தில் எதிரியின் குதிரை வந்து உட்கார்ந்து, ராஜாவுக்குச் செக் வைத்து யானையையும் சேர்த்துத் தாக்கியது. அன்றிரவே கம்ப்யூட்டரைத் திறந்தால் ‘பெரும் பிழை’ என்று ஒரு சிவப்புக் குறி வரும், தலையாட்டிவிட்டு மூடிவிடுவார். அதைத் திறக்காமல், அந்த நொடியில் என்ன நினைத்தேன், எவ்வளவு நேரம் எடுத்தேன், பையனின் முந்தைய நகர்த்தல் எதற்கென்று கேட்டேனா என்று ஷீட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுத வேண்டும். கம்ப்யூட்டர் அதற்கப்புறம். பிறகு அந்தக் கட்டத்தை ஒரு அட்டையில் வரைந்து, மூன்று நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து, மாதம் கழித்து விடை பார்க்காமல் மறுபடி தீர்க்க வேண்டும். ரோடிகர், கார்ப்பிக் இருவரும் 2006-இல் மாணவர்களிடம் கண்டது இதுதான்: பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்களுக்கு அப்போதைக்கு நன்றாகத் தெரிந்தது, ஒரு வாரம் கழித்துக் கேட்டால், புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் அதிகம் நின்றிருந்தது. சுவீடனின் ஹான்ஸ் டிக்கானன், ஒரே புதிர்த் தொகுப்பை ஒவ்வொரு சுற்றிலும் வேகமாகத் திரும்பத் திரும்பத் தீர்த்துப் பழகி, 2010-இல் கிராண்ட்மாஸ்டர் பட்டம் வாங்கினார். அலுப்பான வேலைதான். இன்னொரு வீடியோ பார்ப்பது எவ்வளவோ சுகம்.

இவ்வளவும் செய்து ரேட்டிங் இறங்கினால்? இறங்கலாம். ஆர்பாத் ஈலோ வகுத்து, 1970-இல் சர்வதேச செஸ் சம்மேளனமான ஃபிடே ஏற்றுக்கொண்ட கணக்கு அப்படி. 1600 உள்ளவர் 1400 உள்ளவரோடு ஆடினால், நூறு ஆட்டத்துக்கு 76 புள்ளி எடுப்பார் என்பது அதன் எதிர்பார்ப்பு. ஜெயித்தால் பெரியவருக்கு 4.8 கூடும், தோற்றால் 15.2 போகும். எதிர்பார்ப்புக்கும் முடிவுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பெருக்கும் எண் 18 வயதுக்குட்பட்ட பையனுக்கு 40, பெரியவருக்கு 20. அதனால் அவரைத் தோற்கடித்த பையனுக்கு 30.4 ஏறும். பிள்ளைகள் வேகமாக வளர்வதால் கொடுத்திருக்கும் சலுகை இது, நியாயமானதும்கூட. ஆனால் சின்ன ஊர்ப் பையனுக்கு ரேட்டிங் டோர்னமெண்ட் வருடத்துக்கு இரண்டு மூன்று கிடைத்தால் பெரிது. அவன் உண்மையில் 1600 பலத்தில் ஆடுவான், பட்டியலில் 1400 என்றே இருக்கும். அப்படிப்பட்ட ஒன்பது பையன்களோடு பெரியவர் சரிசமமாக ஆடி நாலரைப் புள்ளி எடுத்தால், ஒரு ஆட்டத்துக்கு 5.2 வீதம் ஏறக்குறைய 47 புள்ளி இழந்து வீடு திரும்புவார். அவர் ஆட்டம் ஒரு துளிகூட மோசமாகவில்லை. அடுத்த மாதம் முதல் தேதி புதிய பட்டியல் வரும்போது பையன்களின் எண்கள் கொஞ்சம் மேலே வந்திருக்கும். பையன்கள் அதற்குள் இன்னும் மேலே போயிருப்பார்கள்.