உங்களுக்குத் தெரியுமா? உடையும் அலையும் ராடாரும்

கப்பல் ராடார் ஆளுயர அலையைத்தான் பார்க்கிறது என்று நினைக்கிறோம். அந்த ராடாரின் அலைநீளம் பொதுவாகச் சுமார் 3 செ.மீ. எனவே பெரிய அலையின் முதுகில் ஓடும் ஒன்றரை செ.மீ. சிற்றலைகளே அதற்குப் பெரும்பாலும் எதிரொலி தருகின்றன. ராடார் அலைநீளத்தில் பாதியளவு நீரலைகளிலிருந்து வரும் எதிரொலிகள் ஒன்றுசேர்ந்து வலுப்பெறும். படிகங்களில் எக்ஸ் கதிர் சிதறுவதற்கு பிராக் கண்ட அதே விதி இது.

இதைக் கடலில் கண்டவர் டக்ளஸ் கிராம்பி. 1955-ல் நியூசிலாந்துக் கடலிலிருந்து திரும்பிய 13.56 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையின் அதிர்வெண் 0.38 ஹெர்ட்ஸ் அளவே மாறியிருந்தது. அந்த ரேடியோ அலைநீளத்தில் பாதியான 11 மீட்டர் நீளக் கடலலையின் வேகத்தோடு அது அச்சாகப் பொருந்தியது! கடலூரிலும் கல்பாக்கத்திலும் நீரோட்டத்தை அளக்க நிறுவப்பட்ட ராடார்களின் அடிப்படையும் இதுவே.

அலை உடைந்தால் இந்த விதி போதாது. சாதாரணக் கடல்பரப்பில் செங்குத்தாக அதிரும் ராடார் அலைக்கே எதிரொலி அதிகம். முகடு மடியும் நொடியில், தாழ்வாகப் பார்க்கும் ராடாரில், கிடையாக அதிரும் அலையின் எதிரொலி திடீரென அதை மிஞ்சிவிடும். அலையின் முன்னுள்ள தட்டையான நீரில் பட்டுத் தெறித்த கதிரும், முகட்டில் நேரே பட்ட கதிரும் சேர்ந்துகொள்வது ஒரு முக்கியக் காரணம். செங்குத்தாக அதிரும் ராடார் அலை அந்த நீரில் சரியாகத் தெறிப்பதில்லை. அதனால் அதற்கு இந்த உதவி குறைவு.

திரையில் இந்தத் திடீர்ப் பொட்டு ஒரு சிறு படகைப் போலவே தெரியும். அலை இரைச்சலைக் குறைக்கும் குமிழை மாலுமி அதிகம் திருகினால், நிஜமான நாட்டுப்படகும் சேர்ந்து மறைந்துபோகும். மீனவர் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் இது. உடையும் அலையின் எதிரொலியைக் கணினியில் துல்லியமாகக் கணக்குப் போட்டுப் பார்ப்பது அதனால்தான் அவசியம்.

அந்தக் கணக்கு லேசானதல்ல. முதலில் நீரியக்கச் சமன்பாடுகளால் அலை சுருண்டு விழும் வடிவத்தைக் கணம் கணமாகக் கணிக்கிறார்கள். பிறகு ஒவ்வொரு வடிவத்துக்கும் மின்காந்த அலைகளுக்கான மேக்ஸ்வெல் சமன்பாடுகளைத் தீர்க்கிறார்கள். நீர்ப்பரப்பை அலைநீளத்தில் பத்திலொரு பங்காக, அதாவது 3 மி.மீ. துண்டுகளாக வெட்டினால், பத்துக்குப் பத்து மீட்டர் கடலுக்கே ஒரு கோடிக்கு மேல் துண்டுகள்! பல ஆய்வுகள் அலையின் ஒரு குறுக்குவெட்டை மட்டும் எடுத்துக்கொள்வது இதனால்தான். காற்றும் நீரும் கலந்த நுரையும் தெறிக்கும் துளிகளும் இந்தக் கணக்குக்கு இன்னும் பெரிய சவால்.