இடைவெளி காக்கும் கருவி

பெருநகரங்களின் அகன்ற சாலைகளில் காலையிலும் மாலையிலும் ஒரு விந்தை நிகழ்வதுண்டு. நூற்றுக்கணக்கான ஊர்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருக்கும்; திடீரென எல்லாம் நின்றுவிடும். முன்னே விபத்து நேர்ந்ததோ, மரம் விழுந்ததோ, பாலம் பழுதுற்றதோ என ஊர்தியிலுள்ளோர் ஐயுறுவர். சிறிது நேரம் சென்றபின் வரிசை மெல்ல ஊரும், பின்னர் விரையும். நெரிசல் தொடங்கிய இடத்தை அடைந்து நோக்கினால், ஆங்கு விபத்தும் இராது, தடையும் இராது. ஒன்றுமில்லாத இடத்தில் தோன்றி ஒன்றுமில்லாமலே மறையும் இதனை 'மாய நெரிசல்' என்பர் ஆராய்ச்சியாளர்.

காரணமின்றிக் காரியம் தோன்றாது என்பது தருக்க நூலார் துணிபு. மாய நெரிசலுக்கும் ஒரு காரணம் இருத்தல் வேண்டுமன்றோ? அதனைக் கண்டறியும் பொருட்டு ஜப்பான் நாட்டின் நகோயாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுகியாமா என்னும் இயற்பியல் அறிஞரும் அவர்தம் குழுவினரும் ஓர் எளிய சோதனை நிகழ்த்தி, அதன் முடிவை 2008ஆம் ஆண்டில் வெளியிட்டனர். 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப் பாதை ஒன்றை அமைத்து, அதில் 22 கார்களைச் சுற்றிவரச் செய்தனர். ஓட்டுநர் அனைவரும் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில், முன்செல்லும் காரைத் தொடர்ந்து செல்லுதல் வேண்டும் என்பதே கட்டளை. அப்பாதையில் சைகை விளக்கு இல்லை. குறுக்குச் சாலை இல்லை. குறுகிய பாலமும் இல்லை. தொடக்கத்தில் கார்கள் சீராகவே சுழன்றன. சற்று நேரத்தில் அவற்றிடையே சிறுசிறு தயக்கங்கள் தோன்றின. அத்தயக்கங்கள் வளர்ந்து, முடிவில் சில கார்கள் முற்றும் நின்றேவிட்டன. முன்னே நின்ற கார் புறப்படும்போது பின்னே வந்த கார் நின்றது. இவ்வாறு கார்கள் முன்னோக்கிச் செல்ல, நெரிசல் மட்டும் மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் வேகத்தில் பின்னோக்கி நகர்ந்தது.

இதன் காரணம் மனிதனின் இயல்பிலேயே அமைந்துள்ளது. முன்செல்லும் காரின் வேகம் சிறிது குறைந்ததும், பின்வருபவர் அதனை உடனே உணர்வதில்லை. கண் காண வேண்டும். மனம் துணிய வேண்டும். கால் பிரேக்கை அழுத்த வேண்டும். இம்மூன்றும் நிகழ ஒரு நொடியேனும் கழிந்துவிடும். காலந்தாழ்த்தமையால் அவர் வேண்டிய அளவினும் சற்று மிகுதியாகவே பிரேக்கை அழுத்துவார். எடுத்துக்காட்டாக, முதற்கார் 40 கிலோமீட்டரிலிருந்து 35க்குக் குறைந்தால், இரண்டாவது 31க்குக் குறையும். மூன்றாவது 26க்குக் குறையும். இப்படியே சென்றால் பத்தாவது காரோ பதினைந்தாவது காரோ நின்றுதான் ஆகவேண்டும். முதலில் பிரேக்கைத் தொட்டவர் தம் வழியே வெகுதூரம் போய்விடுவார். தம்மால் பின்னே ஒரு கூட்டமே நின்றது என்பது அவருக்குத் தெரியவும் தெரியாது!

இந்நோய்க்கு மருந்து இடைவெளியே ஆகும். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு நொடியில் 10 மீட்டர் கடக்கும். 72 கிலோமீட்டர் வேகமாயின் 20 மீட்டர் கடக்கும். ஆகவே இரண்டு நொடி இடைவெளி வேண்டுமெனின், முதல் வேகத்திற்கு 20 மீட்டரும், இரண்டாம் வேகத்திற்கு 40 மீட்டரும் விடுதல் வேண்டும். வேகத்திற்கேற்ப நீளமும் மாறவேண்டும் என்பதை ஓட்டுநர் பலர் கருதுவதில்லை. கருதினும், ஒருமணி நேரம் நெரிசலில் ஊர்ந்து களைத்தவர்க்கு அவ்வளவு கணக்கு எங்ஙனம் நினைவிலிருக்கும்? இப்பணியை மனிதனுக்காக ஏற்றுச் செய்வதே 'அடாப்டிவ் குரூஸ் கண்ட்ரோல்' என ஆங்கிலத்தில் வழங்கும் கருவி. தமிழில் அதனை இடைவெளி காக்கும் கருவி எனலாம்.

இக்கருவிக்கு முன்னோடியாக அமைந்தது வேகத்தை மட்டும் காக்கும் கருவியாகும். அதனைப் படைத்தவர் அமெரிக்க நாட்டின் இந்தியானா மாநிலத்தில் 1890ஆம் ஆண்டு பிறந்த ரால்ப் டீட்டர் என்பவர். அவர் ஐந்து வயதில் நேர்ந்த விபத்தால் இரு கண்களின் பார்வையையும் இழந்தவர். ஆயினும் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் கற்றுப் பட்டம் பெற்றார். விரல்களின் தொடுவுணர்ச்சியைக் கொண்டே எந்திர உறுப்புகளின் நுட்பங்களை அறிந்தார். 1936ஆம் ஆண்டில் அந்நாட்டு மோட்டார்ப் பொறியாளர் சங்கத்தின் தலைவராகவும் விளங்கினார். அவருடைய வழக்கறிஞர் காரோட்டும்போது, தாம் பேசுங்கால் வேகத்தைக் குறைப்பாராம். பிறர் பேசக் கேட்குங்கால் வேகத்தைக் கூட்டுவாராம். அருகில் அமர்ந்திருந்த டீட்டருக்கு அவ்வண்டியின் குலுக்கமே வேகத்தைக் காக்கும் கருவியைப் பற்றிய எண்ணத்தைத் தந்தது என்பர். கண்ணுடையார் உணராத ஏற்றத்தாழ்வைக் கண்ணில்லாதவர் உடலால் உணர்ந்தது வியப்பன்று. 1950ஆம் ஆண்டில் அவர் தம் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். 1958ஆம் ஆண்டில் கிரைஸ்லர் நிறுவனத்தின் கார்களில் அது பொருத்தப்பெற்றது.

டீட்டரின் கருவி வேகத்தைக் காத்ததேயன்றி, முன்னே யார் செல்கின்றார் என்பதை அறியவில்லை. வெறிச்சோடிய நெடுஞ்சாலைக்கு அது நன்று, நெரிசலுக்கு உதவாது. முன்னே நோக்கும் ஆற்றல் பின்னரே வந்தது. 1995ஆம் ஆண்டில் ஜப்பானின் மிட்சுபிஷி நிறுவனம் லேசர் ஒளியால் இடைவெளியை அளக்கும் கார் ஒன்றை வெளியிட்டது. அது எந்திரத்தின் விசையைக் குறைக்கவும் கியரை மாற்றவும் அறிந்திருந்தது. பிரேக்கை அழுத்த அறியாது. 1999ஆம் ஆண்டளவில் ஜெர்மனியின் மெர்சிடஸ் பென்ஸ் நிறுவனம் ரேடாரைப் பயன்படுத்திப் பிரேக்கையும் இயக்கும் கருவியைத் தன் பெரிய கார்களில் அமைத்தது. எனினும், அக்காலத்துக் கருவிகள் வேகம் மணிக்கு 30 அல்லது 40 கிலோமீட்டருக்குக் கீழே இறங்கியதும் பொறுப்பை ஓட்டுநரிடமே திருப்பித் தந்துவிடும். மழை பெய்யத் தொடங்கியதும் மடங்கிக்கொள்ளும் குடையைப் போன்றது இது! நெரிசலில்தானே அதன் உதவி மிகவும் வேண்டப்படுகிறது? கார் முற்றும் நிற்கும்வரை பணிசெய்யும் கருவியை அதே நிறுவனம் 2005ஆம் ஆண்டில் வெளியிட்டபின்னரே இக்குறை நீங்கத் தொடங்கியது.

கருவி பணிபுரியும் முறை அறியத்தக்கது. காரின் முகப்பில் ஒரு சிறு ரேடார் இருக்கும். அது நொடிக்கு ஏறத்தாழ 7,700 கோடி முறை அதிரும் மின்காந்த அலைகளை முன்னோக்கிச் செலுத்தும். அவ்வலைகள் முன்செல்லும் காரில் பட்டுத் திரும்பும். வௌவால் தன் ஒலியின் எதிரொலியைக் கேட்டு இருளில் பறப்பது போன்றதே இது. முன்செல்லும் கார் 50 மீட்டர் தொலைவில் இருப்பின், அலை சென்று திரும்ப ஒரு நொடியை முப்பது இலட்சம் கூறிட்டால் வரும் ஒரு கூற்றளவு நேரமே ஆகும். அந்நேரத்தைக் கொண்டு தொலைவு அறியப்படுகிறது. முன்செல்லும் கார் நெருங்குகிறதா, விலகுகிறதா என்பது திரும்பிய அலையின் அதிர்வெண் மாறுபாட்டால் விளங்கும். நிலையத்தைக் கடக்கும் ரயிலின் ஊதல் நெருங்கும்போது உரத்த சுருதியிலும், விலகும்போது தாழ்ந்த சுருதியிலும் கேட்பதை இதனோடு ஒப்பிட்டுக் காண்க. இவ்விரு செய்திகளையும் பெற்ற கணிப்பொறி, எந்திர விசையைக் கூட்டுவதா, குறைப்பதா, பிரேக்கை அழுத்துவதா எனத் துணிகிறது.

ஓட்டுநர் செய்யவேண்டுவன இரண்டே. எவ்வளவு வேகத்திற்கு மேல் செல்லலாகாது என்பதைக் குறிக்க வேண்டும். எவ்வளவு இடைவெளி விடவேண்டும் என்பதையும் குறிக்க வேண்டும். இடைவெளி பெரும்பாலும் ஒரு நொடிக்கும் இரண்டரை நொடிக்கும் இடையே மூன்று நான்கு படிகளாக அமைந்திருக்கும். இங்கேதான் ஓட்டுநர் பலர் தவறுகின்றனர். இடைவெளி மிகுந்தால் அடுத்த வரிசையிலுள்ளோர் உள்ளே நுழைந்துவிடுவர் என்றெண்ணி, மிகக் குறுகிய படியையே தேர்கின்றனர். ஒருவர் நுழைந்தால் கருவி சற்றுப் பின்தங்கி மீண்டும் இடைவெளியை உண்டாக்கிக் கொள்ளும். அதனால் இழக்கும் நேரம் இரண்டொரு நொடியே. குறுகிய இடைவெளியிலோ கருவியும் மனிதனைப் போலவே வெடுக்கென்று பிரேக்கை அழுத்த வேண்டியதாகும்.

இக்கருவியுள்ள கார்கள் பெருகினால் மாய நெரிசல் தானே ஒழியும் எனப் பலர் நம்பினர். அந்நம்பிக்கை எளிதில் நிறைவேறவில்லை. அமெரிக்காவின் நாஷ்வில் நகரிலுள்ள வாண்டர்பில்ட் பல்கலைக்கழக ஆய்வாளரும் அவரோடு சேர்ந்தோரும், அக்காலத்தில் விற்பனையிலிருந்த ஏழு வகைக் கார்களைச் சோதித்து, 2019ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். முன்கார் சிறிது வேகம் குறைந்தால், பின்கார் அதனினும் மிகுதியாகக் குறைகிறதா என்பதே அவர்கள் ஆராய்ந்த வினா. ஏழு வகைகளுள் ஒன்றேனும் அத்தயக்கத்தைத் தணிக்கவில்லை. எல்லாம் அதனைப் பெருக்கவே செய்தன. கருவி தனக்கு நேர்முன்னே உள்ள ஒரு காரை மட்டுமே காண்கிறது. அதற்கும் அப்பால் நிகழ்வதை அறியாது. முன்னே இடம் கிடைத்ததும் விரைந்து அதனை நிரப்புகிறது. உடனே மீண்டும் நிற்கிறது. தான் இடிபடாமல் காப்பது வேறு. வரிசை முழுவதையும் சீராக்குவது வேறு என்பது இதனால் விளங்கும்.

அங்ஙனமாயின் சீராக்கவே இயலாதா? இயலும் என்று காட்டியது அரிசோனா மாநிலத்தின் டூசான் நகரில் 2016ஆம் ஆண்டில் நிகழ்ந்த சோதனை. ஜப்பானியரைப் போலவே வட்டப் பாதையில் இருபதுக்கும் மேற்பட்ட கார்கள் சுற்றின. அவற்றுள் ஒன்று மட்டும் கணிப்பொறியால் வேகம் ஆளப்பட்டது. அது முன்னே தோன்றும் வெற்றிடத்தைப் பாய்ந்து நிரப்பாமல், வரிசையின் சராசரி வேகத்தில் நிதானமாகச் சென்றது. நின்று நின்று புறப்படும் அலை அடங்கிற்று. சில சோதனைகளில் எல்லாக் கார்களும் சேர்ந்து செலவிட்ட எரிபொருள் 40 விழுக்காடு வரை குறைந்தது. இருபதில் ஒருவர் நிதானமாகச் சென்றதன் பயனைப் பிற பத்தொன்பதின்மரும் பெற்றனர்!

வட்டப் பாதை வேறு, மெய்யான சாலை வேறு. ஆதலின் 2022ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், நாஷ்வில் நகரையடுத்த 24ஆம் எண் மாநிலங்களிடை நெடுஞ்சாலையில், 100 கார்களைக் காலை நெரிசல் வேளையில் பிற ஊர்திகளோடு கலந்து ஓட்டினர். அக்கார்களின் இடைவெளி காக்கும் கருவியோடு செயற்கை நுண்ணறிவும் இணைக்கப்பட்டிருந்தது. ஸ்டீரிங்கைப் பிடித்திருந்தவர் பயிற்சி பெற்ற ஓட்டுநரே. சாலையோரத்து உயர்ந்த கம்பங்களில் அமைந்த நூற்றுக்கணக்கான நிழற்படக் கருவிகள், ஒவ்வோர் ஊர்தியும் நின்றதையும் சென்றதையும் பதிவு செய்தன. தொலைவில் நெரிசல் உண்டென்பதை முன்னரே அறிந்து, அதனை அடையும் முன்பே மெல்ல வேகம் குறைப்பது இக்கார்களுக்குக் கற்பிக்கப்பட்ட முறையாகும்.

கருவியின் குறைகளையும் அறிதல் வேண்டும். அவற்றுள் பெரியது நின்றுகொண்டிருக்கும் ஊர்தியைப் பற்றியது. சாலையோரத்துக் கம்பங்கள், பெயர்ப் பலகைகள், மேம்பாலங்கள் ஆகியனவும் ரேடார் அலையைத் திருப்பி அனுப்புகின்றன. அவற்றுக்கெல்லாம் அஞ்சிப் பிரேக்கை அழுத்தினால் கார் ஓடவே இயலாது. ஆகவே அசையாப் பொருள்களைப் பல கருவிகள் பொருட்படுத்தாது விடுமாறு அமைக்கப்பட்டன. முன்சென்ற கார் திடீரென வரிசை மாறி விலக, அதற்கப்பால் பழுதாகி நிற்கும் லாரி வெளிப்படின், கருவி அதனை உணராமலும் போகலாம். முன்னே ஒருவரும் இல்லையென எண்ணிக் குறித்த வேகத்திற்கு உயரவும் தலைப்படலாம். கார்களோடு வழங்கப்பெறும் கையேடுகள் இதனை எச்சரிக்கையாகவே எழுதியுள்ளன. வளைவான சாலையில் முன்கார் ரேடாரின் பார்வையினின்று நழுவுவதுண்டு. கடுமழையும், முகப்பில் படிந்த சேறும் அதன் கண்ணை மறைப்பதுண்டு.

இந்தியாவில் விற்பனையாகும் கார்கள் சிலவற்றிலும் இன்று இக்கருவி உண்டு. ஆயின் வரிசை ஒழுங்குள்ள சாலைகளை எண்ணி அமைக்கப்பெற்ற கருவிக்கு நம் நகரத்துச் சாலை ஒரு புதிர்தான். இரு கார்களுக்கு இடையே ஸ்கூட்டர் நுழையும். ஆட்டோ குறுக்கே திரும்பும். மாடு நடுவில் நிற்கும். ஒல்லியான இருசக்கர வண்டியைக் கருவி காலந்தாழ்த்தே உணரக்கூடும். ஆகவே சந்தைத் தெருவிலும் நாற்சந்தியிலும் இதனை அணைத்துவைப்பதே அறிவுடைமை. நெடுஞ்சாலையில் ஊர்திகள் வரிசையாக ஊரும்போது இதனை இயக்கலாம். அப்போதும் காலைப் பிரேக்கின் அருகிலேயே வைத்திருத்தல் வேண்டும்.

நெரிசலில் முன்கார் நின்றால் இக்காரும் நிற்கும். முன்கார் இரண்டொரு நொடிகளில் நகர்ந்தால் பல கார்கள் தாமே புறப்படும். நின்ற நேரம் நீளின், முன்னே வழி கிடைத்தபோதும் அவை அசைவதில்லை. ஓட்டுநர் பொத்தானை அழுத்தும்வரை, அன்றி ஆக்சிலரேட்டரை மிதிக்கும்வரை காத்திருக்கும். ஊர்திகள் நின்ற அவ்விடைவேளையில் சிறுவன் ஒருவன் சாலையைக் கடக்க முகப்பின் அருகே வந்திருக்கலாம். அதனாலேயே, புறப்படலாமா என்னும் முடிவை ஓட்டுநரின் கண்ணுக்கு விட்டுவைத்துள்ளனர்.