கடுக்காய்த் தண்ணீரும் கலச மகாலும்

சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸிலிருந்து கூப்பிடு தூரத்தில், செம்மண் நிறச் சுவர்களோடு நிற்கிறது சேப்பாக்கம் அரண்மனை. மெரினாவுக்கு நாள்தோறும் வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு அது ஏதோ ஓர் அரசு அலுவலகம். 1768-ல் ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜா கட்டிக் குடியேறிய இடம் என்று சொன்னால் திரும்பிப் பார்ப்பார்கள்.

அன்றைய அரண்மனை வளாகத்துக்கு வடக்கே கூவம், தெற்கே பைகிராப்ட்ஸ் சாலை, மேற்கே பெல்ஸ் சாலை, கிழக்கே கடல். 117 ஏக்கர். இன்றைய சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானமும் அதற்குள் அடக்கம். 1855-ல் கடைசி நவாப் வாரிசின்றி இறந்ததும் பட்டத்தையே ஒழித்தது கிழக்கிந்தியக் கம்பெனி. அரண்மனை ஏலத்துக்கு வந்தது; அரசாங்கமே எடுத்துக்கொண்டது. பிறகு கட்டடக் கலைஞர் ராபர்ட் சிஷோம், அரண்மனையின் இரு பகுதிகளான கலச மகாலுக்கும் ஹுமாயூன் மகாலுக்கும் நடுவே கோபுரத்தை எழுப்பினார். தர்பார் நடந்த கூடங்களில் மேசைகள் வந்தன, பீரோக்கள் வந்தன, காகிதக் கட்டுகள் வந்தன. தேக்குக் கூரைக்கடியில் மின்கம்பிகளும் வந்தன.

2012, ஜனவரி 16. பொங்கல் விடுமுறை. கலச மகாலில் தொழில் வணிகத் துறையும் சமூக நலத் துறையும் இயங்கிவந்தன. நள்ளிரவுக்குப் பின் பிடித்த தீயில் கோப்புகளும் மரமும் சேர்ந்து எரிந்தன. அணைக்க உள்ளே போனவர்கள்மீது கூரை சரிந்ததில் தீயணைப்பு வீரர் ஒருவர் இறந்தார். பெண் அதிகாரி உள்படச் சிலர் படுகாயமடைந்தனர். பழைய கட்டடத்தைக் காப்பது ரசனை சார்ந்த விஷயம் என்று நினைப்பவர்கள் இந்த இறப்பை மறக்கக் கூடாது. அங்கே தினமும் வேலைக்கு வருகிறவர்களின் உயிரும் அந்தப் பராமரிப்பில்தான் இருக்கிறது.

கரிந்து நின்ற சுவர்களை இடிக்காமல் மீட்பது என்று முடிவானதும் பொதுப்பணித் துறை முதலில் தேட வேண்டியிருந்தது, மறந்துபோன ஒரு கைவேலையை.

சுண்ணாம்பு வேலையில் அவசரம் நடக்காது. சுட்ட சுண்ணாம்புக் கல்லைத் தண்ணீரில் தாளிக்க வேண்டும். கொதித்து அடங்கியதைச் சலித்து, நாள்கணக்கில் ஊறவிட வேண்டும். தனியே ஒரு தொட்டியில் கடுக்காயும் வெல்லமும் ஊறிப் புளிக்கும். பக்கத்தில் போனாலே மூக்கைத் துளைக்கும் அந்தப் புளித்த வாடை. மணலும் சுண்ணாம்பும் அரவையில் மசியும்போது இந்தத் தண்ணீரைத்தான் விடுவார்கள். கொத்தனார் கரணையில் ஒரு கவளம் அள்ளிக் கவிழ்த்துப் பார்ப்பார். விழாமல் வெண்ணெய் மாதிரி ஒட்டிக்கொண்டால் பதம் வந்துவிட்டது.

சிமென்ட் பூசினால் சீக்கிரம் முடியுமே என்று கேட்கலாம். முடியும்; கெடுதலும் அங்கேதான் தொடங்கும். பழைய செங்கல் சுவர் ஈரத்தை வாங்கும், வெயில் வந்தால் வெளியே விடும். சுண்ணாம்புப் பூச்சு அதற்கு வழிவிடுகிறது. சிமென்ட் வழியை அடைத்துவிடும். உள்ளே சிக்கிய ஈரம் உப்பைக் கரைத்துக்கொண்டு செங்கல்லை அரிக்கும். கடலுக்கு எதிரே நிற்கும் கட்டடத்தில் உப்புக்கா பஞ்சம்? வெளியே பூச்சு பளிச்சென்று இருக்கும்போதே பின்னால் செங்கல் பொடியாகிக்கொண்டிருக்கும்.

கூரை இன்னொரு வித்தை. மெட்ராஸ் டெரஸ் என்று இந்த ஊரின் பெயராலேயே வழங்குவது. தேக்குச் சட்டங்களின் மேல் சிறிய மெல்லிய செங்கற்களை நெட்டுக்குத்தாக, குறுக்குச் சாய்வில் வரிசை வரிசையாக ஒட்டிக்கொண்டே போவார்கள். அடியில் பலகை முட்டு கிடையாது, சுண்ணாம்பின் பிடிதான். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் பரப்பி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, கடுக்காய்த் தண்ணீர் தெளித்துத் தெளித்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டி இறுக்குவார்கள். மேலே தட்டோடு. கோடையில் கீழே உட்கார்ந்து வேலை பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

மீண்டெழுந்த கலச மகாலில் இப்போது தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு நடக்கிறது. ஹுமாயூன் மகாலும் அடுத்துச் சீரமைக்கப்பட்டது. மனம் நிறைந்த செய்தி. ஆனால் கோடிக்கணக்கில் செலவழித்த பிறகுதான் கவனமாக இருக்க வேண்டிய காலமே வருகிறது.

காரணம், இந்தக் கட்டடங்களுக்கு முதல் எதிரி காக்கை எச்சம். அதில் வரும் அரச விதை கைப்பிடிச் சுவரின் வெடிப்பில் விழுந்தால், ஒரே மழைக்காலத்தில் இரண்டு இலை விடும். அப்போது இரண்டு விரலால் பிடுங்கிவிடலாம். மூன்று வருடம் கழித்து அரிவாளோடு போனால் தண்டு மட்டும்தான் கையோடு வரும். வேர் சுவருக்குள் போய்ச் செங்கல்லைப் பிளந்திருக்கும். மழைநீர்க் குழாயின் வாயை அடைத்த சருகும் அப்படித்தான். தேங்கிய நீர் தட்டோட்டின் இடுக்கில் இறங்கி, சுவருக்குள் செருகியிருக்கும் தேக்குச் சட்டத்தின் முனையைத் தேடிப் போகும். முனை மக்குவது கீழே இருப்பவர் கண்ணில் படாது.

ஆகவே ஐப்பசி மழைக்கு முன் ஓர் ஆள் ஏணி வைத்து மாடிக்கு ஏற வேண்டும். குழாய் வாயைக் கையால் துழாவ வேண்டும், வெடிப்புகளைக் குனிந்து பார்க்க வேண்டும், தொங்கும் மின்கம்பிகளைக் குறித்துக்கொண்டு இறங்க வேண்டும். ஓராளுக்கு அரை நாள் வேலை.